நடுவழியில் இறங்கிய நிலம்

ஆயிரம் விளக்கு. ஐந்தாம் மாடி. ஏழாம் கட்டில்.
வாரம் மூன்று நாள், நாளுக்கு நாலு மணி நேரம்
லூசியான் பிள்ளையின் ரத்தம்
என் இயந்திரத்துக்குள் போய்த் திரும்பும்.

பாஸ்போர்ட்டில் செஷல்ஸ் என்றிருந்தது.
அந்த நாட்டு ஜனம் முழுவதும்
வேளச்சேரியில் அடங்கிவிடும்.
எங்கே இருக்கிறது என்றதற்கு
போர்வையில் ஒரு அயோடின் கறையைத் தொட்டார்:
இது நாங்கள். மற்றதெல்லாம் தண்ணீர்.

முதலில் கல்லைப் பற்றித்தான் பேசினார்.
மற்ற தீவுகள் எரிமலை துப்பியவை,
பவளப்பூச்சி கட்டியவை.
எங்களுடையது கண்டத்துக் கல்.
உங்கள் நிலம் வடக்கே கிளம்பியபோது
கூடவே வந்து
நடுவழியில் இறங்கிக்கொண்டது.

எனக்குப் பல்லாவரத்தில் வீடு.
குவாரிக் குட்டைக்கு மேலே இருப்பதை
இருபது வருஷமாக
நிற்கும் பாறை என்றுதான் நினைத்திருந்தேன்.
அன்றிரவு பேருந்துப் படியில் தொங்கியபடி பார்த்தேன்.
கொஞ்சம் நகர்ந்தது போலத்தான் இருந்தது.

நகத்தளவு தவளை உண்டாம் அங்கே.
அதன் பங்காளி நம் மேற்கு மலையில்
மண்ணுக்குள் குடியிருக்கிறது,
மழைக்குச் சில நாள் தலைகாட்டும்.
ஆறு கோடி வருஷமாய்ப் பேச்சுவார்த்தை இல்லை.
சொத்துத் தகராறா என்றேன்.
சிரித்ததில் ஊசி அசைந்து அலாரம் அடித்தது.
சிஸ்டர் ஜெபசீலி என்னை முறைத்தாள்.

ராஜா இல்லை. கல்வெட்டு இல்லை.
இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்
குடியிருக்க ஆளே இல்லை.
ஆமைகளும் முதலைகளும்தான் பிரஜைகள்.
வந்தவர்கள் முதலைகளைக் கொன்று முடித்தார்கள்.
ஆமைகளை மல்லாத்திக் கப்பலில் அடுக்கினார்கள்,
சோறு தண்ணீர் கேட்காமல்
மாதக்கணக்கில் உயிரோடிருக்கும் இறைச்சி.
இதைச் சொல்லும்போது உதட்டை நக்கிக்கொண்டார்.
அவருக்கு ஒரு நாளைக்கு எழுநூறு மில்லி.

அடுத்து வந்த கப்பலில்
மனிதர்களை அடுக்கியிருந்தார்கள்.
அம்மாவழியில் ஒருத்தி அதில் இருந்தாள்.
ஏட்டில் வயது இருக்கிறது, விலை இருக்கிறது,
பெயர் எழுதும் இடத்தில்
எழுதியவனுக்குத் தோன்றிய ஒரு மாதத்தின் பெயர்.
அப்பாவழியில் ஒரு பிள்ளை,
நாகப்பட்டினத்தில் அரிசி மூட்டையோடு ஏறியவர்.
அவரோடு தமிழும் முடிந்தது.
"பிள்ளே என்றால் என்ன?"
சாதியில் தொடங்கப் போய், வேண்டாமென்று,
குழந்தை என்றேன்.
அறுபத்திரண்டு வயது.
கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

வியாழக்கிழமை
ஆறாம் கட்டிலுக்குத் துணை வந்தவரின் தட்டைப் பார்த்துச்
சடக்கென்று தலைதூக்கினார்:
ப்ரேட் முரூம்!
முருங்கைக்கீரை அது.
கடல் தின்றது போக
ஒரு மு-வும் ஒரு ரு-வும் கரை சேர்ந்திருக்கின்றன.
கையை நீட்டினார்.
பொட்டாசியம், என்றேன்.
வாசலில் குவிந்த இளநீருக்கும்
முதல் நாளே அதைத்தான் சொன்னேன்.
தென்னந்தீவிலிருந்து வந்தவரிடம்.

கடைசி வாரம் பாரிமுனை போனேன்.
நாட்டு மருந்துக் கடையில் கடல்தேங்காய்,
மாசிக்காய்க்கும் வசம்புக்கும் நடுவே.
கடலுக்கடியில் காய்க்குது சார், என்றார் கடைக்காரர்,
தராசிலிருந்து கண்ணெடுக்காமல்.
அந்த மரம் நிற்கும் மலையில்
செருப்பில்லாமல் ஓடியவர்
ஏழாம் கட்டிலில் இருக்கிறார் என்று
நான் சொல்லவில்லை. வியாபார நேரம்.

தந்தம் மாதிரி ஒரு துண்டு. இருபத்தைந்து கிராம்.
முகர்ந்தார். வாசனை இல்லை.
எங்கள் ஊரில் ஒவ்வொரு காய்க்கும் எண் உண்டு,
முத்திரை உண்டு, திருடினால் சிறை, என்று
போலீஸ் குரலில் மிரட்டிவிட்டு
மூடிய கையைத் திறக்கவேயில்லை.

முடிந்ததும் எடை பார்க்க வேண்டும்.
அதோடுதான் ஏறினார்.
ஐம்பத்திரண்டு புள்ளி நான்கு.
எங்கள் எடைமேடைக்கு
நூறு கிராமுக்குக் கீழே கண் தெரியாது.
அப்படியே எழுதிக்கொண்டேன்.